சரிவில் நிறுத்த வேண்டிய ஜீப்

டீசல் புகை, வெயிலில் காய்ந்த தார்ப்பாய், சீட்டுக்கடியில் எப்போதோ கொட்டிய கிரீஸ்... பழைய ஜீப் வைத்திருந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். சட்டையில் ஏறினால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது.

என் அண்ணன் குமார் போர்வெல் மோட்டார் மெக்கானிக். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, அவனுக்குக் குழாய் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது.

முதலில் மொபெட்டில்தான் போவோம். நாங்கள் காலனிக்காரர்கள். "டேய், பின்பக்கமா வா" என்பார்கள். தண்ணீர் கேட்டால் சொம்பைத் தூக்கிப் பிடித்துக் கையில் ஊற்றுவார்கள். அவர்கள் நிலத்துக்கே தண்ணீர் வரவைத்தது யார் கை என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வராது.

அப்போதுதான் வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகம் கழித்துவிட்ட ஜீப்பை அண்ணன் ஏலத்தில் எடுத்தான். வரப்பு, சேறு, ஓடை எதிலும் ஏறி இறங்கும். ஆனால் காசைத் தின்னும்.

முதல் மாதம் பிரேக் சிலிண்டர். அடுத்தது ரேடியேட்டர். பிறகு கிளட்ச் பிளேட். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் இருப்பது கோபித்துக்கொள்ளும். ஒரு சின்ன பேரிங்குக்காகச் சென்னைப் பழைய இரும்புக் கடைகள் வரை போவேன். பஸ் டிக்கெட், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு நாள் கூலி... பேரிங் விலையைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

"ரெண்டு கறவ மாடு வாங்கியிருந்தா பாலாவது கறக்கும். இது டீசலக் குடிச்சிட்டு பொகையதான் கறக்குது" என்பாள் அம்மா.

சாவி திருப்பினால் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் மட்டும் மாற்றவே இல்லை. புதிது போட ஒரு மாத வருமானம் வேண்டும். அதனால் எங்கே போனாலும் சரிவில்தான் நிறுத்துவோம்; உருட்டிவிட்டால்தான் ஸ்டார்ட் ஆகும். திருவண்ணாமலையில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்கிறது என்று எங்களுக்கு மனப்பாடம். மலையடிவாரத்தில் ஊரைக் கட்டியதே நமக்காகத்தான்டா என்பான் அண்ணன்.

விற்றுவிடலாம் என்று நான் மாதாமாதம் சண்டை போட்டேன். "இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்டா" என்பான். ஏன் அந்தப் பிடிவாதம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் செங்கம் ரோட்டைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனோம். முன்பு மொபெட்டில் வந்து வேலை செய்த இடம்தான். ஏழுமலை என்ற பெரிய விவசாயியின் மோட்டார் நின்று நான்கு நாளாகியிருந்தது. வேர்க்கடலை வாடிக்கொண்டிருந்தது.

ஜீப்பில் துறையின் பெயரை அழித்திருந்தோம். முழு பெயிண்டுக்குக் காசில்லாததால், எழுத்து லேசாகத் தெரியும். டீக்கடையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் மொத்தமாக எழுந்து நின்றார்கள். ஏழுமலை மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு ஓடிவந்தார்.

"வாங்க சார், வாங்க. வண்டிய இப்டி வேப்பமரத்து நெழல்ல உட்டுடுங்க."

வேப்பமரத்தடி சமதரை. ஆனால் பிறந்ததிலிருந்து யாரும் சார் என்று கூப்பிடாத என் அண்ணன், அந்த ஒரு சொல்லில் சரிவை மறந்தான். நிழலில் நிறுத்தி இன்ஜினையும் அணைத்துவிட்டான்.

ஏழுமலைக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து அவர் என்றைக்கும் பேசியதில்லையே.

இளநீர் வந்தது. நாங்கள் எதுவும் கேட்காமலே, "ஏரிப் பக்கம் அந்த நாலு தென்ன, எங்க அப்பா காலத்துல வெச்சது சார்" என்று ஆரம்பித்தார். புறம்போக்கு மரத்து இளநீர்தான் அது. இனிப்பாக இருந்தது.

அண்ணன் நிதானமாகக் குடித்து வாயைத் துடைத்தான். "மோட்டாரு எந்தப் பக்கங்க?"

அவர் ஜீப்பின் பின்னால் கிடந்த, மோட்டார் தூக்கும் செயின் புல்லியைப் பார்த்தார். "டேய்... நீ குமாரு இல்ல?"

"ஆமாங்க. காலைல நீங்கதான ஆள் உட்டு கூப்ட்டீங்க."

டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "இன்னா ஏழுமல, ஆபீசருக்கு இன்னொரு எளநி வெட்டட்டா?"

அவர் முகம் கறுத்தது. துரத்தியிருப்பார். ஆனால் வேறு மெக்கானிக் வர இரண்டு நாளாகும், கடலை தாங்காது. "வண்டிய நெலத்துக்கு எடுடா" என்றார்.

அண்ணன் சாவியைத் திருப்பினான். டிக். அவ்வளவுதான்.

"தள்ளணுங்க."

"யாரு?"

"நான் ஸ்டீரிங் புடிக்கணும். தம்பி ஒருத்தன் தள்ளுனா நவுராதுங்க."

டீக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று டீயில் கவனம் வந்துவிட்டது. ஏழுமலை இறக்கிய வேட்டியை மறுபடி மடித்துக் கட்டினார். அவர் வீட்டுச் சொம்பு என் கையில் பட்டதில்லை. இப்போது அவர் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் தலையை வெளியே நீட்டினான். "ஜோரா... இன்னும் கொஞ்சம் ஜோரா, சார்."

ஜீப் ஒரு குலுக்கு குலுக்கிப் பிடித்துக்கொண்டது. கக்கிய புகையெல்லாம் அவருடைய வெள்ளைச் சட்டையில்.

அவர் மனம் மாறினார் என்று எழுதினால் லைக் கொஞ்சம் அதிகமாக வரும். மாறவில்லை. வேலை முடிந்ததும் சொம்பைத் தூக்கிப் பிடித்துத்தான் நின்றார். அண்ணன் கை நீட்டவில்லை.

"எளநியிலயே வயிறு நெறஞ்சிருக்குங்க."

அதன்பிறகு ஜீப்பை விற்கச் சொல்லி நான் சண்டை போடவில்லை.

இரண்டு வருடம் கழித்து கியர்பாக்ஸ் செலவும் எஃப்சி புதுப்பிக்கும் செலவும் சேர்ந்து வந்தன. வேறு வழியில்லாமல் விற்றோம். இப்போது அண்ணனிடம் டியூவில் எடுத்த லோடு ஆட்டோ இருக்கிறது. தொட்டால் ஸ்டார்ட் ஆகும். யாரும் எழுந்து நிற்பதில்லை. ஆனால் போனில் "எப்ப வரீங்க குமாரு?" என்கிறார்கள். மரியாதை பெருகிவிடவில்லை. நிலத்தடி நீர் இறங்கிவிட்டது, மெக்கானிக்குகள் குறைந்துவிட்டார்கள்.

போன வாரம் ஆசிரமம் பக்கம் ஒரு கஃபேயில் அந்த ஜீப்பைப் பார்த்தேன். மஞ்சள் பெயிண்ட், பானெட் மேல் பூந்தொட்டி. ஏறப் போனேன்.

"சார், உள்ள உக்காராதீங்க. போட்டோ மட்டும்தான்" என்றார் அங்கே வேலை செய்தவர்.

நான் வாங்கிய ஒரு காபி விலைக்கு அன்றைக்கு இரண்டு லிட்டர் டீசல் போட்டிருப்போம். அண்ணனுக்குப் போன் செய்தேன். பெயிண்டைப் பற்றியோ காபியைப் பற்றியோ அவன் கேட்கவில்லை.

"எங்க நிறுத்தி வெச்சிருக்கான்?"

"சமதரையிலதாண்ணா. நல்ல நெழல்ல."

அண்ணன் சிரித்தான்.

"எவனோ சார்னு கூப்ட்ருப்பான்டா."