அக்கா தனியே பாடிய ஒப்பாரி

எங்கள் அம்மா இறந்தபோது அக்கா மட்டும்தான் ஒப்பாரி பாடினாள். எனக்கும் எல்லாப் பாட்டும் தெரியும். தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். ஒருத்தி ஓர் அடி எடுத்தால் மற்றவள் வாங்கிப் பாட வேண்டும். அப்படித்தான் படித்தோம். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வாயில் வரவே கூடாது. என் குரலைத்தான் அம்மா மெச்சுவாள். இன்றைக்கும் அந்தக் குரல் கெடவில்லை.

அம்மா சாகும்போது நான் கண்டியில் கடைக்காரர் மனைவி. மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் டவுன் ஆட்கள்; துக்கத்துக்கு வந்து தரையில் உட்காராமல் கதிரையில் இருந்தார்கள். நானும் மகளோடு அவர்கள் பக்கத்தில் இருந்துகொண்டேன்.

"வா புள்ள," என்று அக்கா தரையிலிருந்து கையை நீட்டினாள்.

"தொண்டை கட்டியிருக்குக்கா."

பொய். அக்கா ஓர் அடி பாடி நிறுத்தி என்னைப் பார்ப்பாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். அடுத்த அடியையும் அவளே பாடுவாள். பெட்டி தூக்கும்வரை மூச்சு வாங்க வாங்கப் பாடினாள்.

போன மாதம் மகள் கேட்டாள்: "ஏம்மா, நாளைக்கி ஒங்க சாவுக்கு யாரு பாடுறது? ஒப்பாரி ரெக்கார்ட ஸ்பீக்கர்ல போட்டுறவா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மறுநாளே தெல்தோட்டைக்கு பஸ் ஏறினேன்.

அக்கா தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கி எனக்குத் தொண்டைக்கு ஒன்னுமில்லக்கா. அவுங்க முன்னாடி வெக்கமா இருந்துச்சு."

"தெரியும்டி. தொண்டை கட்டுனவ ஒரு தடவ இருமக்கூட இல்லியே."

"இப்பப் பாடுறேன்கா, அம்மாவுக்கு."

"வாய மூடு! உள்ள பேத்தி புள்ள தூங்குது."

"அப்ப எப்பத்தான் பாடுறது?"

"நான் செத்தாப் பாடு. ஒம் மவளையும் பக்கத்துல வச்சுக்க." கீரையை முறத்தில் தள்ளினாள். "ஆனா அம்மாவுக்குள்ளத எனக்குப் பாடிப்புடாத. நான் ஒனக்கு அக்கா."

அவள் சொன்னது சரி. அக்காவுக்குப் பாடுவது வேறு, பெற்றவளுக்குப் பாடுவது வேறு. பெற்றவளுக்கு உள்ளதைப் பாட எனக்கு இனி ஒரு சாவு வீடு கிடையாது. நான் செத்தால் என் மகள் பாட வேண்டியதும் அதுதான்; அதை அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் படிக்க இனி வழியில்லை.