உள்ளே உயிருள்ள முதலை

செங்கல் வாடியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். மழை பிடித்துவிட்டால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கல் வேலை கிடையாது. காயாத கற்களைத் தறப்பாளால் மூடிவிட்டு, தை பிறந்த பிறகு வரச் சொன்னார் முதலாளி. தை பிறக்க இன்னும் நெடுநாள் கிடந்தது. பையில் இரண்டு சாரன், ஒரு சேட்டு, பாதிச் சவர்க்காரம். வாடியில் படுத்த இடமும் அன்றோடு போயிற்று. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்கு இப்படித்தான். ஒரு வேலை முடிந்தால் தெருவில் இறங்கி நடப்பேன். தெரு எங்காவது கொண்டுபோய் விடும்.

அன்று அது மண்முனைப் பாலத்தை நோக்கிப் போனது. இரு பக்கமும் வாவித் தண்ணீர் தெருவின் விளிம்புவரை ஏறி நின்றது. வயல் வட்டைகளில் நெற்பயிரின் நுனி மட்டும் தெரிந்தது, சில வட்டைகளில் அதுவும் இல்லை. உழவு இயந்திரத்தில் போன இரண்டு விவசாயிகள் பின்னால் இழுத்த பெட்டியில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். அவர்கள் பேச்சு முழுக்க முகத்துவாரத்தைப் பற்றியது. வாவி கடலில் சேரும் வாயை மணல் மூடிக் கிடக்கும். மாரியில் தண்ணீர் ஏறும்போது அந்த மணலை வெட்டிவிட்டால் வயல் தப்பும். ஆனால் இறாலும் மீனும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும் என்று வாவியில் தொழில் செய்பவர்கள் மறிப்பார்கள். வருடா வருடம் உள்ள இழுபறிதான். இந்த வருடம் அது முடிந்தபாடில்லை.

"கூட்டம் கூட்டமா வைக்கிறாங்க. வேளாண்மை அழுகி மணக்குது," என்றார் ஓட்டியவர்.

"இன்னும் கொஞ்சம் மணக்கட்டும். அப்பதான் பெரியாக்கள்ர மூக்குக்குப் போகும்," என்றார் மற்றவர்.

பாலத்துக்குச் சற்று முன்னால் அவர்கள் வேறு பக்கம் திரும்ப, நான் இறங்கினேன். மழை மறுபடி கொட்டியது. ஒதுங்க இடம் பார்த்தபோது, சதுப்பில் வேரூன்றி நின்ற கண்ணா மரங்களுக்கிடையில் ஒரு பலகை தெரிந்தது. நீலப் பெயின்றில் எழுதியிருந்தது: அதிசயப் பொருள் காட்சிச்சாலை. உள்ளே உயிருள்ள முதலை.

அது பழைய இறால் பண்ணை. சண்டைக் காலத்தில் பண்ணைக்காரர்கள் விட்டுவிட்டுப் போனார்கள், காவலுக்கு இருந்தவர் போகவில்லை. இப்போது ஐம்பது கடந்த, பெரிய வயிறுள்ள மனிதர். மேலுக்கு ஒன்றும் போடாமல் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைக்கு ஒதுங்க வந்தீங்களா, பாக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான் அண்ணன்."

"மழைக்கு வாறவங்கதான் நல்லாப் பாப்பாங்க. வெயிலுக்கு வாறவன் தண்ணி கேட்டுக் குடிச்சிட்டுப் போயிருவான்."

இறால் குஞ்சு வளர்த்த நீண்ட கட்டடம்தான் காட்சிச்சாலை. தகரக் கூரையில் மழை இரைந்ததால் அவர் கத்திப் பேச வேண்டியிருந்தது. வாவி கொண்டுவந்து போட்டது, வலையில் ஏறியது, ஊர் ஆட்கள் வேண்டாமென்று எறிந்தது எல்லாம் அங்கே இருந்தன. ஊறுகாய்ப் போத்தலில் இரட்டைத் தலைக் கன்று, அதைச் சுற்றிய தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. ஒரு ஆள் நீளத்துக்கு, இரு பக்கமும் வாள்பல் வைத்த வேளா மீனின் கொம்பு. கொடுவா மீனின் வயிற்றிலிருந்து எடுத்த பொய்ப்பல் செட். உள்ளேயும் வெளியேயும் சிப்பி வளர்ந்த ஒரு இரும்புத் தொப்பி. இந்த வாவியில் மீன் பாடும் என்பது ஊர்ப் பேச்சு. இன்னொரு போத்தலில் கறுத்துச் சுருங்கிய ஒரு மீன், கீழே எழுத்து: பாடும் மீன், இப்போது பாடாது.

கடைசிச் சுவர் முழுக்க ரப்பர் செருப்புகளை ஆணியில் மாட்டியிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. எல்லாம் இடது கால்.

"வலது கால் எல்லாம் அங்கால கரைக்குப் போகுது," என்றார். "நீரோட்டம் பிரிச்சுக் குடுக்குது. அங்க ஒருத்தன் இப்பிடிக் கடை வைச்சிருந்தா ரெண்டு பேரும் சோடி சேக்கலாம்."

"செருப்புக்குரிய ஆக்கள்?"

"அதக் கேக்கப்படாது," என்று சொல்லி அடுத்த பொருளுக்கு நகர்ந்தார்.

நான் நின்ற இடத்தில் கால் நனைந்தது. மூலையில் இருந்த கழிவுத் துவாரத்தால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. பொங்கவில்லை, சத்தமும் இல்லை. சீமெந்துத் தரையில் எண்ணெய் பரவுவது போலப் பரவியது. அவர் ஒரு சாக்கை இழுத்து அதன் மேல் போட்டுவிட்டு, "வாங்க, பெரியவரப் பாப்பம்," என்று பின்கதவைத் திறந்தார்.

தொட்டி வெளியே இருந்தது. கட்டடத்தைவிடப் பள்ளத்தில், நெஞ்சளவுச் சீமெந்துச் சுவர். அதற்கு அப்பால் ஒரு மண் அணை, அணைக்கு அப்பால் வாவி. இங்கே எல்லோரும் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். தொட்டித் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒரு அலுமினியச் சட்டியை எடுத்து விளிம்பில் தடியால் தட்டினார். டங், டங் என்ற அந்தச் சத்தத்துக்கு இரண்டு கண்கள் மேலே வந்தன. பிறகு முதுகு. என்னைவிட நீளமான உடல். அவர் கோழிக் குடலை எறிந்தார். வாய் திறந்து மூடியதை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, மூடிய சத்தத்தைத்தான் கேட்டேன்.

"வலையில மாட்டி வரக்குள்ள என்ட முழங்கை நீளம். கோழிக்கடைக் குடல் திண்டு வளந்தவன். சட்டியத் தட்டினா எங்க கிடந்தாலும் வருவான்."

"தண்ணி ஏறுதே அண்ணன். சுவர் காணுமா?"

"அணையில ஒரு தூண் இருக்கு, அதில வெள்ளக் கோடு அடிச்சிருக்கு. அந்தக் கோட்டத் தண்ணி தொட்டா முகத்துவாரம் வெட்டிருவாங்க. நான் இஞ்ச வந்த காலத்தில இருந்து அதுக்கு மேல ஏறினதில்ல. அத வைச்சுத்தான் சுவர் கட்டின."

நான் தூணைத் தேடினேன். அதன் தலை மட்டும் தெரிந்தது.

"கோடு எங்க?"

"உள்ளுக்க கிடக்கு," என்றார், தண்ணீரைக் காட்டி.

அப்போது கண்ணாக் காட்டுப் பக்கத்திலிருந்து நான்கு பெண்கள் கழுத்தளவு நனைந்து கரையேறினார்கள். இந்தக் கரைப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குந்தி அத்தாங்கால் இறால் வாருவார்கள். அத்தாங்கு என்பது வளையத்தில் கட்டிய சிறு வலை. இடுப்பில் கயிறு கட்டி ஒரு அலுமினியச் சட்டியைப் பின்னால் மிதக்க விட்டிருப்பார்கள். வாரியதைச் சட்டிக்குள் கொட்டி, வலையில் ஒட்டிய இறால் விழுவதற்காக வளையத்தைச் சட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். முன்னால் வந்த பெண் அணையில் ஏறியதும் அப்படித்தான் தட்டினாள். டங்.

தொட்டிக்குள் கண்கள் அவள் பக்கம் திரும்பின. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

அந்தப் பெண் அவருடைய மனைவி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"புதுச் சாமானா? எந்தச் சுவரில மாட்டப் போறீங்க?"

"வேலைக்கு ஆள் புள்ள. மண் மூட்ட கட்டப் போறம். சோறு ஒரு ஆளுக்குக் கூடப் போடு."

இப்படித்தான் எனக்கு அன்றைய வேலை கிடைத்தது. இறால் சொதியும் சோறும் தின்றுவிட்டு உரப்பைகளில் மண் நிரப்பினோம். அவர் பையைப் பிடிக்க நான் அள்ளினேன். சுவரின் மேல் ஒரு வரிசை வைத்தோம். வைத்துக்கொண்டிருக்கும்போதே மண் அணை ஒரு இடத்தில் கரைந்து வாவி சுவரில் ஏறத் தொடங்கியது. இரண்டாவது வரிசைக்கு மண் எடுக்கப் போனோம். மண் எடுத்த குழியும் தண்ணீரால் நிரம்பியிருந்தது. தூரத்திலிருந்து தூக்கி வர வேண்டியதாயிற்று.

பொழுது சாயும் நேரம் மூட்டையோடு திரும்பி வந்தபோது, பின்பக்கச் சுவரில் மூன்று பைகள் சரிந்து கிடந்தன. அந்த இடத்தில் தொட்டித் தண்ணீரும் வாவித் தண்ணீரும் ஒரே மட்டம். மழை இரண்டின் மேலும் ஒன்று போலவே விழுந்தது.

அவர் சட்டியை எடுத்துத் தட்டினார். குடலை எறிந்தார். அது மிதந்தது. மறுபடி தட்டினார். குடல் மெதுவாகச் சரிந்த பைகளின் பக்கம் போய், வெளியே போயிற்று.

"அடியில கிடக்கான்," என்றார். கொஞ்சம் கழித்து, "இவளுக்குச் சொல்லிப்போடாதீங்க தம்பி. ஊர் கேட்டா இவ்வளவத்தையும் கொழுத்திப் போடுவாங்க," என்றார்.

அடுப்படியில் அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கேட்டாள்.

"இருக்கா?"

"ஓம், கிடக்கு."

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். விடியற்காலையில் தண்ணீரில் இறங்கப் போகிறவள் அவள்.

"நான் காணல்ல அக்கா," என்றேன். "பை சரிஞ்சு கிடக்கு. தட்டினதுக்கு வரல்ல."

அவள் கையில் இருந்த சட்டியைத் தரையில் வைத்தாள், சத்தம் வராமல்.

"என்ட பழைய சட்டியத் தட்டித்தானே அவனத் தீனுக்குக் கூப்பிட்ட நீங்க."

"அதுக்கென்ன புள்ள?"

"இந்த ஆத்தில எத்தின பொம்பிளையள் சட்டி தட்டுறாங்க?"

அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பகலில் அந்தக் கண்கள் திரும்பியதை அவரும் பார்த்திருந்தார். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவராகவும் யோசித்து முடிக்கவில்லை.

"அவன் கடிக்கமாட்டான். கையால திண்டு வளந்தவன்," என்றார்.

"கையோட தின்ன வாறான் இனி," என்று சொல்லிவிட்டு அவள் டோர்ச்சை எடுத்துத் தலையில் ஒரு பையைக் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். வேலி வேலியாக அவள் குரல் கேட்டது. பதிலுக்கு நாய்கள் குரைத்தன. நான் இடது செருப்புகளுக்குக் கீழே ஒரு மேசையில் ஏறிப் படுத்தேன். தரையில் படுக்க இடமில்லை, தண்ணீர் வந்துவிட்டது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. சுவருக்கு அருகில் மிஞ்சிய அணையில் பெண்கள் நின்றார்கள். செய்தி எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தியும் சட்டியும் அத்தாங்கும் இல்லாமல் வரவில்லை. அன்றைய கறியும் அரிசியும் அந்தத் தண்ணீரில்தான் கிடந்தன.

"பிளாத்திக் வாளி கொண்டு போனாச் சத்தம் வராதுகா," என்றாள் ஒருத்தி.

"மறுகா கால் தண்ணியில அடிக்குமே, அதுக்கு என்ன வாளி?" என்றாள் அவருடைய மனைவி.

கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு இளம் பெண் சீலையை முழங்காலுக்கு மேல் சொருகினாள். "எனக்கு இறால் வேணும், அவனுக்கு நான் வேணும். ஆரு முந்திறாங்க எண்டு பாப்பம்." ஒரு கால் தண்ணீரில் வைத்தும்விட்டாள். அவருடைய மனைவி அவள் முடியைப் பிடித்து இழுத்து மேலே போட்டாள். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அவர் அணையின் நுனியில் நின்று சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். விடியுமுன்பே தொடங்கியிருக்க வேண்டும், தோள் தளர்ந்திருந்தது. கண்ணா மரங்களுக்கிடையில் ஏதோ நகர்ந்தது. எல்லோரும் பார்த்தோம். மரக்கட்டை. பிறகு இன்னொன்று வந்தது, அதுவும் மரக்கட்டைதான். மூன்றாவதைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள்.

களைத்துப்போய் அவர் கையை இறக்கினார்.

"தட்டுங்க," என்றாள் மனைவி. "நிப்பாட்டாதீங்க. இந்தக் கரையில உங்கட சத்தம்தான் பெரிசாக் கேக்கணும். வேற ஊரில ஒருத்தி சட்டி தட்டினா அங்க போயிருவான்."

அவர் மறுபடி தட்டினார்.

ஆண்கள் பின்னால் வந்தார்கள். முகத்துவாரத்தை வெட்டவிடாமல் மறித்து நின்றவர்கள் இவர்களும்தான். அவர்களுடைய மீனவர் சங்கத் தலைவர் மெலிந்த மனிதர். தண்ணீரையும் அணையில் நின்ற பெண்களையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போனை எடுத்தார்.

"வெட்டட்டும்," என்றார் போனில். "ஓம், எங்கட ஆக்கள் மறிக்க வரமாட்டாங்க… இறால் போகத்தான் போகுது. பொம்பிளையள் இறங்காட்டி அது இருந்தென்ன, போயென்ன… தண்ணி வடிஞ்சா அவன் எந்தச் சேத்தில கிடக்கான் எண்டாவது தெரியும்."

காட்சிச்சாலையை யாரும் கொளுத்தவில்லை. ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்து, தண்ணீரில் மிதந்த போத்தல்களைக் கண்டு, "பாடும் மீன் நீந்துது மச்சான்," என்று சொல்லிவிட்டு வந்தான்.

வெயில் ஏறுமுன்பு ஆட்களை ஏற்ற ஒரு உழவு இயந்திரம் வந்தது. முகத்துவாரத்து மணல் ஊறிப்போயிருந்ததால் பெரிய இயந்திரத்தைக் கொண்டுபோக முடியவில்லையாம், முதல் வாய்க்காலைக் கையால்தான் வெட்ட வேண்டும் என்றார்கள்.

"மண்வெட்டி பிடிப்பியா மகன்?" என்று ஓட்டி வந்தவர் கேட்டார்.

"பிடிப்பன்."

பையை எடுத்துக்கொண்டு ஏறினேன். அணையில் நின்றவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய மனைவி கோழிக் குடல் வாளியை அவர் காலடியில் வைத்துவிட்டு, பின்னுக்கு வந்து நின்றாள்.

முகத்துவாரத்தில் ஒரு பக்கம் கடல் இரைந்தது. மறுபக்கம் வாவி அசையாமல், கடலைவிட உயரமாக, மண்ணிறத்தில் நின்றது. கடல் பக்கமிருந்து வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வாவி ஓரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்று வெட்டவும் ஆள் வேண்டும் என்றார் மேற்பார்த்தவர். பழைய ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. முதலைச் செய்தி எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது.

புதிதாக வந்த நான் இறங்கினேன். வெட்டு கடல் பக்கமாகத்தான் முன்னேற வேண்டும், ஆகவே முகம் கடலுக்கு, முதுகு வாவிக்கு. மண்வெட்டியை ஓங்கினேன்.