மழைத் தண்ணீரில் பழகிய ஆமை

அந்தமானில் ஹட் பே பள்ளியில் சனிக்கிழமைதோறும் கடலைப் பற்றி வகுப்பு எடுக்கிறேன். கடல் உயிர்கள் நீந்துவதைப் பார்த்து, அதேபோல் நீந்தும் இயந்திரத்தைப் பிள்ளைகள் செய்ய வேண்டும். ஏழாம் வகுப்புப் பெண்ணொருத்தி ஆமை செய்தாள். சாப்பாட்டு டப்பா உடல், பழைய செருப்பு ரப்பரில் நான்கு துடுப்பு, வயிற்றில் சின்ன கேமரா. போர்ட் பிளேர் கண்காட்சிக்குப் போக, அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்குக் கப்பல். கடலடியில் எடுத்த படம் இல்லாவிட்டால் அங்கே அவளுக்கு இடமில்லை.

அதற்கு முந்தைய மூன்று வாரமும் பள்ளியின் மழைநீர்த் தொட்டியில்தான் ஓட்டிப் பார்த்தோம். முதலைக்குப் பயந்து பிள்ளைகளைக் கடல் பக்கம் நான் விட்டதில்லை.

இரண்டு மணிக்கு ஜெட்டிப் படியிலிருந்து ஆமையை இறக்கினோம். மூழ்கவில்லை. உப்புத் தண்ணீர் தூக்கிவிட்டது. துடுப்புகள் காற்றை அடித்தன. தொட்டியில் மூழ்கப் போதுமாக இருந்த ஈயக்கட்டி கடலுக்குப் போதவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வற்றும் கடல் அதை இழுத்தது. கட்டியிருந்த கயிறு சிப்பி ஒட்டிய தூணில் உரசி அறுந்தது.

"மேடம், போகுது!"

ஆமை செய்தவள் இரண்டு படி இறங்கிவிட்டாள். காலரைப் பிடித்தேன். பக்கத்திலேயே முதலைப் படம் போட்டு, இந்தியில் 'மகர்மச்' என்று எழுதிய எச்சரிக்கைப் பலகை.

"விடுங்க மேடம், பத்தடிதான்."

"மகர்மச்சுக்கும் பத்தடிதான்டீ," என்றாள் மேல்படியில் நின்ற அவள் தோழி. "முதல்ல உன்னைத் தின்னும். அப்புறம் டப்பாவைத் திறந்து சாப்பாடு இருக்கான்னு பார்க்கும்."

காலரை நான் விடவில்லை.

தோழியே ஓடிப்போய், ஜெட்டியில் படகைக் கட்டியிருந்த படகுக்காரரிடம் தூண்டில் வாங்கி வந்தாள். ஆமைக்காரி வீசினாள். முதல் வீச்சு எட்டவில்லை. இரண்டாவது தாண்டிப் போனது. அதற்குள் பத்தடி இருபதடியாகியிருந்தது. மூன்றாவதில் பின்துடுப்பில் கொக்கி மாட்டியது. ரப்பர் கிழிவது தெரிந்தது. மூச்சுவிடாமல், சாண் சாணாக இழுத்தாள்.

டப்பாவுக்குள் ஈரமில்லை. படகுக்காரர் தந்த இரண்டு ஈயக்குண்டுகளை அடியில் கட்டினாள். கயிற்றை இரட்டையாகப் போட்டாள். இந்த முறை ஆமை மூழ்கியது. கேமராவில் மணலும், கல்லும், கல்லடியில் அசையாத ஒரு மீனும் கிடைத்தன.

கப்பலுக்குப் போகும் வழியில் கடை முன் நின்றாள்.

"மேடம், பத்து பாக்கெட் கல்லுப்பு வாங்கணும்."

"எதுக்கு?"

"கண்காட்சித் தொட்டியில குழாய்த் தண்ணிதான் ஊத்தியிருப்பாங்க. குண்டைக் கழற்றிட்டா அது கடல் ஆமையே இல்ல; குண்டோட அந்தத் தண்ணியில விட்டா, அடியில போய் உட்கார்ந்துடும்."