இரண்டு படகிலும் இல்லாத ஆள்

எண்பதுகளின் தொடக்கம். கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பொங்கல் விடுமுறையில் என்னையும் சேர்த்து நண்பர்கள் ஆறு பேர், கீழக்கரைக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் ஆளில்லாத தீவு ஒன்றில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருவது என்று முடிவு செய்தோம். கீழக்கரைக்காரனான ஒரு நண்பனின் அண்ணன், துபாயிலிருந்து காற்றடைக்கும் ரப்பர் படகுகள் இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்றில் மூன்று பேர் உட்காரலாம். மோட்டார் எல்லாம் கிடையாது, துடுப்புப் போட்டுத்தான் போக வேண்டும். நானோ சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கத்து விவசாயக் குடும்பம். கண்மாயில் நீந்தியதோடு சரி. கடலைத் தள்ளி நின்று கும்பிடுகிற ரகம். ஆனாலும் என்னையும் கூப்பிட்டார்களே என்ற சந்தோஷத்தில் கிளம்பிவிட்டேன்.

நான் அதிகம் பேச மாட்டேன். கல்லூரியில் என் பட்டப்பெயரே ஊமைக்கோட்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாத பிள்ளைக்குச் சட்டி கழுவும் வேலை வந்தது. மறுநாள் காலை, கீழக்கரை நண்பனின் அம்மா கொடுத்தனுப்பிய மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தீவின் மறுபக்கம் போனேன். மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பூவரச மரத்தடியில் கொஞ்சம் சாய்ந்தேன். ராத்திரி முழுக்க அவர்கள் அடித்த அரட்டையில் தூக்கமே இல்லை. கண் அசந்துவிட்டேன்.

எழுந்து திரும்பி வந்தால் கூடாரம் இல்லை, படகுகள் இல்லை, ஆட்களும் இல்லை. அடுப்புச் சாம்பலும் படகை இழுத்த தடமும்தான் கிடந்தன. என்னைச் சீண்டுவதற்காக ஒளிந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பயந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாதென்று சிரித்த முகமாகவே புதர் புதராகப் பார்த்தேன். "போதும்டா, வெளிய வாங்கடா" என்றுகூடச் சொன்னேன். பிறகுதான் தூரத்தில், கரைப்பக்கம், இரண்டு புள்ளிகள் போவதைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் வாய்விட்டுக் கத்த எனக்கு வெட்கமாக இருந்தது. கத்தியபோது புள்ளிகளும் மறைந்துவிட்டன.

என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. முதலில் கிளம்பியவர்கள் நான் அடுத்த படகில் வருவேன் என்று நினைத்திருப்பார்கள். அடுத்தவர்கள், நான் முன்னால் போன படகில் எப்படியோ நெருக்கி உட்கார்ந்து போய்விட்டதாக நினைத்திருப்பார்கள்.

தண்ணீர்க் கேனும் அவர்களோடு போய்விட்டது. வெயில் ஏற ஏற நாக்கு வறண்டது. ஆனால் தாகத்தைவிட வேறொன்றுதான் என்னை அரித்தது. கரையேறியதும் "அவன் எங்கே?" என்று யாராவது கேட்டிருப்பார்களா? ஒவ்வொருவன் முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். கேட்பான் என்று ஒருவனைக்கூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் அழுதுவிட்டேன். பார்க்கத்தான் யாரும் இல்லையே, நன்றாகவே அழுதேன்.

பொழுது சாயத் தொடங்கும்போது ஒரு வள்ளம் வந்து தீவுக்குப் பக்கத்தில் நின்றது. கடல்பாசி எடுக்கும் பெண்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, விரல்களில் துணிச்சுற்று. ஒரு அக்கா என்னைப் பார்த்துவிட்டு நீரில் நடந்து வந்தார்.

"ஏலே தம்பி, இங்கன ஒத்தையில என்ன செய்யுற?"

"சும்மாதான்க்கா. கூட்டாளிங்க வருவாங்க" என்றேன். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அவர் என் முகத்தையே பார்த்தார். "அழுதிருக்க. விட்டுட்டுப் போயிட்டாங்களாக்கும்?"

தலையாட்டினேன். தண்ணீர் கொடுத்தார். மூச்சுவிடாமல் குடித்தேன்.

"நாங்க கெளம்பிட்டா இன்னைக்கு இங்கிட்டு ஒரு சனம் வராது. வந்து ஏறு."

எனக்கு ஏற மனமில்லை. நான் போன பிறகு நண்பர்கள் தேடி வந்தால் பதறிப்போவார்களே? காற்று வேறு எழும்பிக்கொண்டிருந்தது. அந்த ரப்பர் படகில் வந்து அவர்கள் கவிழ்ந்துவிட்டால்? இதைச் சொன்னதும் அந்த அக்கா, என் தோளில் கிடந்த துண்டைக் காட்டி, "ஒந் துண்ட மரத்துல கெட்டிட்டு வா. பாத்தா வெளங்கிக்கிருவாங்க" என்றார். கண்ணில் படும்படி உயரமாகக் கட்டிவிட்டு வந்து, பாசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன்.

நங்கூரத்தைத் தூக்குவதற்கு முன்னால் அந்த அக்கா ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்தில் உரசிக்கொண்டு இருப்பவரைக்கூட. ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள். முங்கிப் பாசி எடுக்கிற தொழில். ஒருத்தி எழாமல் போனாலும் தெரிய வேண்டுமே, அதற்காக. கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஒம் பேரென்ன?" என்று கேட்டார். சொன்னேன். உடனே அந்தப் பேரையும் உரக்கக் கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? கேக்கல!"

மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகுதான் நங்கூரம் மேலே வந்தது. நான் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கரையில் இறங்கி, கீழக்கரை நண்பனின் வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் அழுகையும் கூட்டமுமாக இருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். நண்பன் குளித்து, சட்டை மாற்றி, வாசலில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஆச்சரியமாக, "ஏலே, நீ மத்தவங்க கூட பஸ்ஸேறிப் போகலையா? அப்ப சட்டி எங்கன? உம்மா காலையில இருந்து கேக்குது" என்றான். பஸ் ஏறியவர்கள் நான் இவன் வீட்டில் தங்கிவிட்டதாக நினைத்திருப்பார்கள். நடந்ததைச் சொன்னதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அது பொய்யில்லை. ஆனால் என் துண்டைத் தேடி யாரும் போகவில்லை என்பதும் பொய்யில்லை.

இன்றும் நாங்கள் கூடும்போது அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன், அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நாலு பேர் நடுவில் இருந்தும் ஒற்றையாக உணர்கிற நேரங்களில் என் காதில் விழுவது, முன்பின் தெரியாத என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நான் பதில் சொல்லும்வரை வள்ளத்தை நகரவிடாத அந்த அக்காவின் குரல்தான். அப்போதெல்லாம் மெதுவாக "இருக்கேன்" என்று சொல்லிக்கொள்வேன்.