கொட்டகையில் படுத்தவன்

காப்பி விளையும் எர்மேரா மலையில் அடி என்பது வீட்டுக்கு வீடு உள்ள சங்கதி. அகாபிட்டு அடி வாங்கித்தான் வளர்ந்தான். அப்பன் அடித்தான், அப்பன் செத்த பிறகு அண்ணன் காஸ்பர் அடித்தான். கல்யாணம் ஆனதும் இவன் தன் பங்குக்கு எர்மெலிந்தாவை அடித்தான். சோளம் வேகவில்லை என்று ஒரு நாள், பன்றி வேலி தாண்டிவிட்டது என்று ஒரு நாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பெண் வீட்டுக்கு எருமைகளைப் பரிசமாக ஓட்டிப்போய்க் கட்டியவர்கள் இவர்கள். அதில் பெரும்பாதி காஸ்பருடைய எருமைகள். எருமை போனால் பிள்ளைகள் வர வேண்டும், அவ்வளவுதான்.

நாலாவது பிரசவத்தில் எர்மெலிந்தாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்து, கம்பங்கள்மேல் நின்ற வீட்டின் மூங்கில் தரை இடுக்கு வழியே கீழே சொட்டியது. கீழே கிடந்த பன்றிகள் முட்டிமோதிக்கொண்டு நக்கின. அந்தச் சத்தம் அகாபிட்டுவின் காதில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அவன் அவளை அடிக்கக் கை ஓங்கவில்லை.

அவளைப் போர்வையில் கட்டி, கழியில் தொங்கவிட்டு மலையிறக்கினார்கள். மாதா கைவிடவில்லை, உயிர் தங்கியது. ஆஸ்பத்திரி மருத்துவச்சி அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"இன்னொன்னு வயித்துல வந்தா என்னால காப்பாத்த முடியாது. புரியுதா?"

"புரியுதும்மா."

"எல்லா ஆம்பளையும் புரியுதுன்னுதான் சொல்றான். அடுத்த வருஷம் பொணத்தைத் தூக்கிட்டுப் போக வர்றான்."

கோயிலில் தம்பதிகளுக்குச் சொல்லித்தருகிற முறை ஒன்று இருந்தது. பெண் தன் உடம்பின் ஈரத்தைப் பார்த்துக் கரு தங்கும் நாள்களை அறிந்துகொள்வாள். அந்த நாள்களில் கணவன் விலகியிருக்க வேண்டும். அவன் விலகாவிட்டால் அவள் அறிந்தது எல்லாம் வீண். வீடு ஒரே அறை. ஆகவே எர்மெலிந்தா "இன்னைக்கு வேணாங்க" என்றால், அகாபிட்டு போர்வையை எடுத்துக்கொண்டு காப்பிக்கொட்டைக் கொட்டகைக்குப் போய்விடுவான். குளிரில் முட்டி விறைக்கும். செபமாலையை உருட்டிக்கொண்டு கிடப்பான். விடிந்ததும் அவள் சூடாகக் காப்பி கொண்டுவருவாள். இருவருக்கும் அது பிடித்திருந்தது.

ஆனால் மலையில் எது மறையும்? ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சேவல் சண்டைக் களத்தில் கள் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒருவன் ஆரம்பித்தான்.

"என்ன அகாபிட்டு, காப்பிக்கொட்டைகூட குடித்தனமா?"

"எலி புடிக்கிறானாம்டா!"

"எலியா? இவனையே எலின்னு பொண்டாட்டி வெளிய வெரட்டிட்டா!"

களமே சிரித்தது. அகாபிட்டுவுக்குக் காது சூடேறியது. நானாகத்தான் போய்ப் படுக்கிறேன் என்று சொன்னால் ஆண்பிள்ளை இல்லை என்பார்கள். அவனும் சிரித்தபடி வாய்விட்டான்.

"என்னய்யா பண்றது? அவதான் கிட்டவே சேர்க்க மாட்டேங்கிறா."

அந்த நேரம் காஸ்பரின் சேவல் குடல் சரிந்து மண்ணில் துடித்துக்கொண்டிருந்தது. காஸ்பர் அதன் காலில் கட்டிய கத்தியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தம்பி சொன்னது காதில் விழுந்தது. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று மேட்டில் ஏறினான். எங்கே போகிறான் என்று அகாபிட்டுவுக்குப் புரிவதற்குள் அவன் பாதித் தூரம் போய்விட்டான்.

இவன் ஓடி வந்து சேர்ந்தபோது எர்மெலிந்தா முற்றத்தில் கிடந்தாள். அவள் சோளம் குத்திய உலக்கை காஸ்பர் கையில் இருந்தது. தோள் எலும்பு முறிந்து ஒரு கை துவண்டிருந்தது. வாயிலிருந்து இரத்தம். பிள்ளைகள் அலறிக்கொண்டிருந்தார்கள்.

"என் எருமைய வாங்கித் தின்னுட்டு எந்தம்பியையே வெளிய தள்றியாடி?" மறுபடி ஓங்கினான்.

அவள் காஸ்பரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

பின்னாலேயே கள் வாசனையோடு களத்து ஆட்கள் வந்து நின்றார்கள். அகாபிட்டு அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவில் புகுந்தான்.

"அவ தள்ளலண்ணே. நானாத்தான் போய்ப் படுக்கிறேன். அங்க நான் சொன்னது பொய்."

"என்னடா ஒளர்ற?"

"இன்னொரு புள்ள வந்தா இவ செத்துடுவாண்ணே. அவ சாக வேணாம்."

காஸ்பர் சிரித்தான். பிறகு முகம் கறுத்தது. "பொண்டாட்டிக்காகப் படுக்கைய விட்டவன் எங்கப்பனுக்குப் பொறந்தவனே இல்லடா."

உலக்கை இவன் விலாவில் இறங்கியது. இரண்டாவது அடி காதில். அகாபிட்டு பாய்ந்து அண்ணனின் முழங்கையைக் கடித்தான். பல்லில் சதை பிய்ந்தது. உலக்கை விழுந்தது. காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டையில் இருவரும் கட்டிப் புரண்டார்கள். காஸ்பர் இடுப்பிலிருந்து சேவல் கத்தியை உருவிக் கன்னத்தில் இழுத்தான். வாய்க்குள் நாக்கு தெரிகிற அளவுக்குக் கன்னம் பிளந்தது. அப்போதுதான் ஆட்கள் பாய்ந்து விலக்கினார்கள்.

கன்னத்துத் தையல் பிரிக்கும் முன்பே பெரியவர்கள் சமாதானம் பேசப் பாய் விரித்து அண்ணன் தம்பி இருவரையும் உட்கார வைத்தார்கள். காஸ்பர் ஒரே பேச்சில் நின்றான்: "வீட்டுக்குள்ள படுக்கணும், இல்ல எனக்குத் தம்பியே கெடையாது." அகாபிட்டு பிளந்த வாயோடு குழறிக்குழறிப் பன்றிகள் நக்கியதைச் சொன்னான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சித்தப்பா ஒருவர் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"பொம்பளை ரத்தத்தைப் பத்திப் பாயில உக்காந்து பேசுற ஆம்பளைய நான் இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

"நான் கொட்டகையிலதான் படுப்பேன், சித்தப்பா."

அன்றோடு குலவீடு அவனுக்கு அடைபட்டது. புதுச்சோளம் படைக்கும் நாளில் அவன் பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது. அவன் செத்தால் அண்ணன் வீட்டார் மண் போட வரமாட்டார்கள்.

இப்போதும் காஸ்பர் சேவல் தோற்ற ஞாயிறுகளில் குடித்துவிட்டு வருவான். தம்பியின் தகரக்கூரையில் கல் எறிவான். எர்மெலிந்தா ஒரு தோள் இறங்கிய உடம்போடு முற்றத்துக்கு வந்து நின்று, அவன் சேவலையும் அவன் மீசையையும் சேர்த்து வைத்து வசவு பொழிவாள். அக்கம்பக்கம் கூடிவிடும். இருவருக்கும் பயமாகத்தான் இருக்கும். அகாபிட்டு வாசலில் உட்கார்ந்து, கேட்கிற ஒரு காதை அவள் பக்கம் திருப்பிக்கொள்வான்.

"போதும்டி, தொண்டை கட்டிக்கும்" என்பான். அவள் நிறுத்தமாட்டாள்.