காலால் தேய்த்த தடம்

செய்தியாளராக நான் எழுதிய முதல் டென்னிஸ் போட்டி, கைலாசபுரம் களிமண் கோர்ட்டில் நடந்த பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு. நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எதற்கும் செக்லிஸ்ட் போடுவேன். அன்று போட்டது: வென்றவர், தோற்றவர், ஊர், ஸ்கோர், சிறப்பு விருந்தினர். ஐந்தும் கிடைத்தால் செய்தி முடிந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை அரையிறுதியில் அது போதவில்லை.

திருவெறும்பூர் நிவேதாவும் ஸ்ரீரங்கம் ரஞ்சனியும் ஆடினார்கள். இம்மாதிரிப் போட்டிகளில் கோர்ட்டுக்கு ஒரு நடுவர் கிடையாது. தன் பக்கம் விழுந்த பந்து உள்ளேயா வெளியேயா என்று ஆடுபவரே சொல்ல வேண்டும். எதிராளி கேட்டால், மண்ணில் பதிந்த தடத்தைக் காட்ட வேண்டும்.

இரண்டாம் செட்டில் நிவேதாவுக்கு மேட்ச் பாயிண்ட்; இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. ரஞ்சனி அடித்த பந்து கோட்டருகே விழுந்தது. "அவுட்" என்று சொன்ன நிவேதா, அந்த இடத்தை ஷூவால் தேய்த்துவிட்டாள்.

"மார்க்கைக் காட்டு" என்று ரஞ்சனி வந்தாள். மார்க் இல்லை. தடத்தை அழித்தவருக்கு அந்தப் புள்ளி கிடையாது என்பது விதி. எல்லாக் கோர்ட்டுக்கும் பொதுவாக இருந்த ஒரே ரெஃப்ரி வந்து அதைத்தான் சொன்னார். புள்ளி போனது, பிறகு ஆட்டமும். ரஞ்சனி 4-6, 7-5, 6-2 என்று வென்றாள்.

கம்பிவேலி ஓரம் நின்ற பெற்றோர் "கள்ளாட்டம்" என்று பேசிக்கொண்டார்கள். நிவேதாவின் அப்பா, வெல்டர், என்னிடம் வந்தார்.

"இதையும் பேப்பர்ல போடுவீங்களாம்மா? திங்கக்கிழம புள்ள ஸ்கூலுக்குப் போகணும்."

நேராக ரஞ்சனியிடம் போனேன்.

"அவ மொதல்லேருந்தே அப்படித்தான்க்கா. ஜெயிச்ச பாயிண்ட்டையும் தேய்ச்சா, தோத்ததையும் தேய்ச்சா."

"தெரிஞ்சும் ஏன் மார்க் கேட்ட?"

"மேட்ச் பாயிண்ட்டுக்கா. கேக்காம விடுவேனா?"

நிவேதா முகத்திலிருந்து துண்டை எடுக்காமலே பேசினாள். "எங்க கோர்ட்ட காலைல ஒரு தடவதான் கூட்டுவாங்க. பழைய மார்க் கெடந்தா சண்ட வரும்னு, ஒடனே தேய்க்கச் சொல்லுவாரு கோச்."

அலுவலகத்தில் விளையாட்டுப் பக்கம் பார்க்கும் சுந்தரம் சார், "எட்டு வரிம்மா" என்றார்.

'தடத்தை அழித்ததால் நிவேதா புள்ளியை இழந்தார்' என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் படித்தால் கள்ளாட்டம் என்றுதான் பட்டது. எடுத்துவிடலாம் என்றால், வேலியோரப் பேச்சு மட்டும் பள்ளிக்கூடம் வரை போகும். அவளுடைய பழக்கத்தையும் ரஞ்சனி சொன்னதையும் சேர்க்க இரண்டு வரி தேவைப்பட்டது. சிறப்பு விருந்தினரை வெட்டினேன்.

"குத்துவிளக்கு ஏத்துனவரு எங்கம்மா?"

"இடமில்ல சார்."

"அவரு இல்லாம நம்ம ஊர்ல ஒரு விளையாட்டுச் செய்தியா?" என்றவர், செய்தியை இரண்டாம் முறை படித்துவிட்டு அப்படியே விளையாட்டுப் பக்கத்தில் சேர்த்தார்.

ஞாயிறு காலை விருந்தினரிடமிருந்து போன். சார் எழுந்து நின்றே பேசினார். "ஆமாங்க. தப்புதாங்க. இன்னைக்கு ஃபைனலுக்கும் நீங்கதான வரீங்க? போட்டுடறோங்க." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "போட்டோவோட போடு."

திங்கட்கிழமை நிவேதாவின் அப்பா அழைத்தார். "போயிட்டாம்மா ஸ்கூலுக்கு. பேப்பரையும் பையில வச்சு எடுத்துட்டுப் போயிருக்கா."

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரைப் பற்றிப் பாதி உண்மைக்கு மட்டும் இடமிருந்தால், மீதிப் பாதிக்கு வேறு எதையாவது வெட்டுங்கள். சிறப்பு விருந்தினர் இன்றும் என் செக்லிஸ்டில் இருக்கிறார். கடைசி வரியில், வெட்டுவதற்கு வசதியாக.