சின்னவள் வைத்திருந்த வரி

தையல் மிஷின்களுக்கெல்லாம் உறை போட்டு மூடிவிட்ட சனிக்கிழமை மத்தியானம். சிஸ்டர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நிற்கிற பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் மெல்ல நடந்துகொண்டிருக்கிறார். பிள்ளைகள் சுவரில் மாட்டிய சிலுவையைப் பார்த்து, இயேசு தன் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த செபத்தைச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பரலோக மந்திரம் என்பார்கள். யார் உள்ளிருந்து சொல்கிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்பதைப் பின்னால் நின்றே கண்டுபிடித்துவிடுவார் சிஸ்டர். அன்றைக்கு ஒரு முதுகுக்குப் பின்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார். முடியும் வரை அங்கிருந்து நகரவில்லை.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். டீச்சர் என்பது அவர்கள் கொடுத்த மரியாதை. எட்டாவதோடு பனியன் கம்பெனிக்குப் போய், ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து கையும் காலும் பழகியவள் நான். மிச்சமெல்லாம் ஆட்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்ததுதான். மற்ற வகுப்புகளைச் சனிக்கிழமை பூட்டிவிடுவார்கள். அதனால் எண்பதுகளின் நடுவில் புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என் தையல் அறையில்தான் நடந்தது. பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்குவதைத்தான் எங்களில் புதுநன்மை என்பது. வெள்ளைச் சட்டை, மெழுகுவத்தி, வீட்டில் பிரியாணி என்று அது ஒரு சின்னக் கல்யாணம். அந்த நாளை நினைத்துப் பிள்ளைகள் செபத்தை ஒரே மூச்சில் ஓட்டுவார்கள். "என்ன, பல்லடம் பஸ்ஸைப் புடிக்கோணுமா? சாமி எங்கயும் போயிரமாட்டாரு, நின்னு சொல்லுங்க" என்பார் சிஸ்டர். அவர் தெற்கே கடற்கரைப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர் 'ங்க' அவர் பேச்சில் ஒட்டிக்கொண்டு, கேட்கவே தனி ருசியாக இருக்கும்.

புத்தகத்தில் இருந்த கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைத்தால் போதும் என்றுதான் மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். சிஸ்டருக்கு அது போதவில்லை. ஒவ்வொரு வரியாகச் சொல்லிவிட்டு, "இது உனக்கு நிஜமா? உங்க ஊட்டுல இது எங்க இருக்குது?" என்று கேட்பார். அன்றாட அப்பம் என்ற இடத்தில் ஒரு பையன், சம்பளத்தன்றைக்கு அப்பா குடிக்காமல் வந்தால் அதுதான் என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை, அவன் தலையைத் தொட்டார். கடைசியில் எப்போதும் ஒன்றைச் சொல்வார்: "மனசுல இல்லாததைச் சாமிகிட்ட சொல்லாதீங்க கண்ணு. அவருக்கு அது வேண்டாம்." பிள்ளைகள் தலையாட்டுவார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருத்தி மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சிஸ்டர் போய் நின்றது அவள் முதுகுக்குப் பின்னால்தான். அவளைச் சின்னவள் என்றே சொல்கிறேன். வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஏனென்றால் ஒரு பெரியவள் இருந்தாள். மற்றவரை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று வருகிற இடத்தில் சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வரி போனதும் மறுபடியும் சேர்ந்துகொண்டாள். மறந்துபோகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான்.

காரணம் எங்கள் வீதிக்கே தெரியும். பெரியவள் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்த்தாள், டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. ஒருநாள் வேலை முடிந்து போகும்போது அவள் சாப்பாட்டுப் பையில் ஒரு குழந்தைப் பனியன் இருந்தது. தான் வைக்கவில்லை என்றாள். சூப்பர்வைசர் அந்தப் பனியனை அவள் தோளில் போட்டு, கடைசி ஆள் வெளியே போகிற வரை கம்பெனி கேட்டருகே நிறுத்தினார். மறுநாள் காலை வழக்கம்போலச் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கம்பெனிக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. தாராபுரம் பஸ்ஸில் பார்த்தேன் என்றார் ஒருவர். பல்லடம் ஸ்டாண்டில் நின்றாள் என்றார் இன்னொருவர். பனியனை யார் வைத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. அந்தச் சூப்பர்வைசர் எங்கள் பங்குக் கோவிலில் மைக்கும் பார்த்துக்கொண்டார். நல்ல கனமான குரல். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்த வரியை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். ஸ்பீக்கர் வழியாக அது சின்னவள் தலைக்கு மேலேதான் விழும்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு சிஸ்டர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்துக் கேட்டார். நான் கீழே கிடந்த நூல் துணுக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கோபமா கண்ணு என்று கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள். அந்த ஆளை மன்னிக்க முடியவில்லையா என்றதற்கும் அதே பதில். நெடுநேரம் ஸ்டூலின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "மன்னிச்சுட்டா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமுங்களே சிஸ்டர். அக்கா இன்னும் வரலீங்களே."

  சின்னவள் போன பிறகும் சிஸ்டர் அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளையைச் சாமி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் அது அங்கே என்ன பேசும் என்று நமக்குச் சொல்ல முடியாது டீச்சர் என்றார். சொன்னபோது அவர் முகத்தில் பயம் இருந்தது.

புதுநன்மைக்கு முந்தின வாரம் பங்குச் சாமியார் பிள்ளைகளைப் பரீட்சை பார்க்க வந்தார். கெட்டவர் இல்லை. பாக்கெட்டில் மிட்டாய் வைத்திருப்பார். சின்னவள் சொல்லி முடித்ததும், "ஒரு வரிய விட்டுட்டியே கண்ணு" என்றார்.

"விடலீங்க சாமி. அதை இன்னும் வச்சிருக்கறனுங்க."

அவருக்குப் புரியவில்லை. சிஸ்டர் தனியாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். மறந்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. சாமியார் இரக்கத்தோடுதான் பேசினார். ஆனால் வெறுப்பை வைத்துக்கொண்டு நன்மை வாங்குவது எப்படி, ஒரு வருடம் போகட்டும் என்றார். இது வெறுப்பு இல்லை என்றார் சிஸ்டர். வேறென்ன என்று கேட்டார் அவர். "தெரியல ஃபாதர். மத்த பிள்ளைங்க அந்த வரியைச் சொல்லுதாங்க. இவ ஒருத்திதான் அதைக் காதால கேட்டிருக்கா." சாமியார் மிட்டாயைச் சின்னவள் கையிலும் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தின்றதை நான் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற பிள்ளைகள் வெள்ளையில் முன்வரிசையில் இருந்தார்கள். சின்னவள் பள்ளிக்கூடச் சீருடையில் என் பக்கத்தில் இருந்தாள். நன்மை வாங்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குப் பிறகு சிஸ்டர்மார்தான் முதலில் எழுந்து போவார்கள். எங்கள் சிஸ்டர் எழுந்தார், எல்லாரும் பார்க்கப் பின்னால் நடந்து வந்தார், சின்னவளின் மறுபக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வாங்கப் போகவில்லை. பூசை முடியும் வரை இருவரும் பேசவும் இல்லை, கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேரைப் போல இருந்தார்கள். ஊரே பேசியது. கன்னியாஸ்திரிக்கே அப்படி என்ன பாவம் என்று கேட்டவர்களும் உண்டு. பள்ளிக்கூட வருடம் முடிந்ததும் சிஸ்டரை உடுமலைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதற்காகத்தான் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் வந்த புதுச் சாமியார் செபம் எதுவும் கேட்கவில்லை. தன்னைவிடக் குட்டையான பிள்ளைகளோடு நின்று சின்னவள் நன்மை வாங்கினாள். அந்த வரியை மட்டும் சொல்லவில்லை. வளர்ந்தாள், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில்தான் நிற்பாள். அந்த வரியில் கோவில் முழுக்கக் குரலாக இருக்கும்போது என் தோளருகே ஒரு துண்டு மட்டும் காலியாக இருக்கும். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வைத்து ஆள் வராத இடம் மாதிரி. அங்கே பெரியவள் நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றும். சில ஞாயிறுகளில் திரும்பிப் பார்க்கவே பயமாக இருக்கும்.

தொண்ணூறுகளில் அந்தச் சூப்பர்வைசர் இறந்துபோனார். வீட்டில் செபம் சொல்ல எங்கள் வீதிப் பெண்கள் போனோம். நான் கூப்பிடாமலே சின்னவளும் வந்தாள். மைக் இல்லை. அவர் மனைவிதான் செபத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். யாரும் தொடரவில்லை.  அப்போது சின்னவளின் குரல் தனியாக அந்த வரியைச் சொன்னது, முழுதாக, அவசரமில்லாமல். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டோம்.

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எத்தனை வருடத்துக் கல் கரைந்துவிட்டது என்று ஒருத்தர் சொன்னார். வெளியே குழாயடியில் கால் கழுவிக்கொண்டே சின்னவள் என்னைப் பார்த்து, "சொல்லிட்டனுங்க டீச்சர்" என்றாள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்க வந்தவள் குரல் அது. அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

இந்தச் சேதியை எடுத்துக்கொண்டு உடுமலைக்கு ஓடினேன். சிஸ்டருக்கு அப்போது மூட்டு வலி, நடமாட்டம் குறைவு. தென்னந்தோப்புப் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போய், நடந்ததைச் சொன்னேன். 

"அப்ப அக்காவை விட்டுட்டாளா?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை.  அடுத்த தடவை வரும்போது தெரிந்தால் சொல்லுங்கள் டீச்சர் என்று மட்டும் சொன்னார்.

அந்த மழைக்காலத்திலேயே சிஸ்டர் இறந்துபோனார். அடக்கத்துக்கு நானும் சின்னவளும் பஸ்ஸில் போனோம். ஜன்னல் சீட்டு தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பல்லடம் ஸ்டாண்டில் எங்கள் பஸ் நின்றபோது, எதிரே தாராபுரம் பஸ் ஒன்று வந்து நின்றது. நான் பழம் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் காதில் விழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பஸ்ஸின் ஜன்னல்களில் இருந்த பெண்களின் முகங்களை முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு முகத்தையும் விடவில்லை. கடைசி ஜன்னலில் முந்தானையால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், எங்கள் பஸ் கிளம்பும் வரை விழிக்கவே இல்லை. சின்னவள் கழுத்தைத் திருப்பித் திருப்பி, வளைவு வரும் வரை அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சிஸ்டர் கேட்டதற்குப் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது சிஸ்டரின் பெட்டியை மூடியிருந்தார்கள்.